பணப்பையும் கொள்கையும்: அமெரிக்கப் புரட்சி பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்கக் காலனிகள் பிரிட்டனை எதிர்த்துக் கிளம்பியது உரிமைக்காகவா, காசுக்காகவா என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இங்கே.

கேள்வி: தேயிலை விலை ஏறியதால்தான் பாஸ்டன் மக்கள் அதைக் கடலில் கொட்டினார்கள் என்று படித்த ஞாபகம். சரியா? (வாசகர், திருநெல்வேலி)

விலை ஏறவில்லை, இறங்கியது. இறங்கிய பிறகுதான் கொட்டினார்கள்.

1773க்கு முன் ஒரு ராத்தல் (அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு) தேயிலை அமெரிக்கா போய்ச் சேர்ந்த வழி நீளமானது. கிழக்கிந்தியக் கம்பெனி அதைச் சீனாவின் கான்டனில் வாங்கி லண்டனுக்குக் கொண்டுவரும். அங்கே ஒரு தீர்வை. பிறகு லண்டன் ஏலத்தில்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். ஏலம் எடுத்த மொத்த வியாபாரி அமெரிக்க இறக்குமதியாளருக்கு விற்பார், அவர் கடைக்காரருக்கு விற்பார். இடையில் அமெரிக்கத் துறைமுகத்தில் ராத்தலுக்கு 3 பென்ஸ் டவுன்ஷெண்ட் தீர்வை (தேயிலை உள்ளிட்ட சில சரக்குகள் மீது 1767இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கொண்டுவந்தது). இத்தனை கை மாறியதால், டச்சுக்காரர்களிடம் வாங்கிக் கடத்தி வந்த தேயிலையே மலிவாக இருந்தது. கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் சுமார் 170 லட்சம் ராத்தல் தேங்கிக் கிடந்தது.

1773 மே மாதம் வந்த தேயிலைச் சட்டம் ஏலத்தையும் இடைத்தரகரையும் ஒதுக்கியது. கம்பெனியே நேராக அனுப்பலாம். பிரிட்டனில் கட்டிய தீர்வை முழுதும் திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவில் வாங்கும் 3 பென்ஸ் மட்டும் நிற்கும். கடத்தல் தேயிலையோடு போட்டி போடும் அளவுக்கு விலை விழுந்தது.

இதில் யாருக்கு நஷ்டம்? கடத்தியவருக்கு. அதோடு, முறைப்படி தீர்வை கட்டி இறக்குமதி செய்து வந்த நேர்மையான வியாபாரிக்கும். கம்பெனி தேர்ந்தெடுத்த முகவர்கள் மட்டுமே இனி விற்க முடியும். பாஸ்டன் முகவர் பட்டியலில், அந்த ஊர் இருக்கும் மாசசூசெட்ஸ் காலனியின் ஆளுநர் ஹட்சின்சனின் இரண்டு மகன்கள் இருந்தார்கள். ஊர் கொதித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லாம் வியாபாரப் பொறாமைதானா? அந்த 3 பென்ஸ் எங்கே போனது என்று பாருங்கள். 1772 முதல் மாசசூசெட்ஸ் ஆளுநருக்கும் உயர் நீதிபதிகளுக்கும் சம்பளம் சுங்க வருவாயிலிருந்து கொடுப்பதென்று லண்டன் முடிவு செய்திருந்தது. அதுவரை ஆளுநரின் சம்பளத்தை ஆண்டுதோறும் ஒதுக்கியது உள்ளூர்ச் சட்டசபை. ஆளுநரைக் கட்டுப்படுத்த அவர்களிடம் இருந்த ஒரே கயிறு அது. மலிவான தேயிலையை வாங்கிக் குடித்தால் அந்தக் கயிற்றை அறுக்கும் செலவையும் தாங்களே கொடுத்ததாகிவிடும். 3 பென்ஸை விட்டுவிடுங்கள் என்று நாடாளுமன்றத்திலேயே எதிர்க்கட்சியினர் எச்சரித்தும் பிரதமர் நார்த் பிரபு மறுத்ததும் இந்த அதிகாரத்துக்காகத்தான்.

தேயிலையைக் கொட்டியது 1773 டிசம்பர் 16 இரவில், ஏன் அந்த இரவு என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கப்பல் வந்து 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்து இறக்கிக்கொள்ளலாம். டார்ட்மவுத் என்ற கப்பலுக்கு மறுநாள் கெடு முடிகிறது. அன்றிரவு மூன்று கப்பல்களிலிருந்து சுமார் 340 பெட்டிகள், 92,000 ராத்தல் அளவுக்குத் தண்ணீரில் போயின. கம்பெனி சொன்ன நஷ்டக் கணக்கு 9,659 பவுண்டு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இதே போல வந்த தேயிலையைக் கொட்டவில்லை. கெடு முடிந்ததும் சுங்கத்துறை இறக்கிக் கிடங்கில் பூட்டியது. 1776இல் புரட்சிக்காரர்களே அதை எடுத்து விற்றுப் போர்ச் செலவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: பாஸ்டனின் பெரிய வியாபாரி ஜான் ஹான்காக் ஒரு கள்ளக்கடத்தல்காரர், அவர் தொழிலைக் காப்பாற்றத்தான் புரட்சி என்கிறார்களே? (வாசகர், காரைக்குடி)

கடத்தல் இருந்தது, தாராளமாகவே இருந்தது. ஆனால் அது எப்படி நடந்தது என்று தெரிந்தால் இந்தக் குற்றச்சாட்டு வேறு மாதிரி தெரியும்.

நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்குக் காலனிகளின் ரம் ஆலைகளுக்கு மொலாசஸ் (கரும்புச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு) வேண்டும். மலிவான மொலாசஸ் கரீபியனின் பிரெஞ்சுத் தீவுகளில் கிடைத்தது. 1733 சட்டம் அதன் மீது கேலனுக்கு 6 பென்ஸ் விதித்தது. நோக்கம் வருவாய் அல்ல, பிரிட்டிஷ் தீவுகளின் தோட்ட முதலாளிகளுக்காகப் பிரெஞ்சுச் சரக்கைத் தடுப்பது. 6 பென்ஸ் கட்டினால் ரம் தொழில் படுத்துவிடும். எனவே சுங்க அதிகாரிக்குச் சில்லறை கொடுத்துவிட்டு இறக்கினார்கள். முப்பது ஆண்டு இப்படியே ஓடியது.

1764இல் தீர்வையை 3 பென்ஸாகக் குறைத்தார்கள். பாதியாகக் குறைத்ததற்கா எதிர்ப்பு என்று தோன்றும். இம்முறை உண்மையிலேயே வசூலிக்கப் போகிறார்கள் என்பதே சிக்கல். வழக்கு ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்துக்குப் போகும். சரக்கு சட்டப்படியானது என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளர் தலையில். பறிமுதல் செய்த கப்பலும் சரக்கும் விற்ற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு ஆளுநருக்கு, ஒரு பங்கு பிடித்தவருக்கு. சுயலாபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மூன்றாவது பங்கை மறந்துவிடுகிறார்கள். ஒரு காகிதக் குறையைக் காட்டிக் கப்பலையே விழுங்க அதிகாரிக்கு ஆசை காட்டிய சட்டம் இது.

ஹான்காக்கின் லிபர்ட்டி கப்பல் 1768 ஜூன் 10 அன்று பறிமுதலானது. மதேரா ஒயினில் கொஞ்சத்துக்கு மட்டும் தீர்வை கட்டிவிட்டு மீதியை இரவில் இறக்கினார் என்பது புகார். 9,000 பவுண்டு கேட்டு அவர் மீது வழக்கு; அவருக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். சில மாதங்களில் அரசே வழக்கைக் கைவிட்டது. நிரூபணமாகாத வழக்கை வைத்து ஒரு புரட்சிக்கே காரணம் சொல்வது அதிகம்.

மறுபக்கத்துக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். 1766இல் மொலாசஸ் தீர்வை கேலனுக்கு 1 பென்னியானது. பிரதிநிதித்துவம் இல்லாமல் விதித்த வரிதான் அதுவும். பெரும்பாலும் முணுமுணுப்பின்றிக் கட்டினார்கள், லஞ்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதே!

கேள்வி: வரிச்சுமை உண்மையில் எவ்வளவு? ஒரு கணக்கு சொல்லுங்கள். (வாசகி, கோவை)

நார்த் பிரபு 1775இல் சொன்ன கணக்கு: பிரிட்டனில் தலைக்கு ஆண்டுக்கு 25 ஷில்லிங், அமெரிக்காவில் 6 பென்ஸ் (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. காலனிகள் தம் சட்டசபைகளுக்குக் கட்டிய வரியை அவர் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் அமெரிக்கர் சுமை குறைவுதான்.

தொகையைவிட வரி யார் மேல் விழுந்தது என்பது முக்கியம். 1765 முத்திரைச் சட்டத்தில் சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், பகடைக்கு 10 ஷில்லிங், கல்லூரிப் பட்டத்துக்கு 2 பவுண்டு. செய்தித்தாளின் ஒவ்வொரு தாளுக்கும், ஒவ்வொரு வழக்குக் காகிதத்துக்கும் தனி முத்திரை. அதுவும் காலனிகளில் அரிதான ஸ்டெர்லிங் பணத்தில். அச்சகக்காரர், வழக்கறிஞர், மாணவர், மதுக்கடைச் சீட்டாட்டக்காரர் என்று ஊரில் உரக்கப் பேசுகிற எல்லோர் மீதும் ஒரே நாளில் கைவைத்த சட்டம். நடைமுறைக்கு வந்த ஐந்தே மாதத்தில் ரத்தானது.

கேள்வி: வியாபாரிகளே பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணித்தார்கள். தம் கடையைத் தாமே மூடியவர்களைச் சுயநலக்காரர் என்பது நியாயமா? (ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு)

நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒப்பந்தங்களின் விலக்குப் பட்டியலை வாசித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

டவுன்ஷெண்ட் தீர்வைகளை எதிர்த்து 1768 ஆகஸ்டில் பாஸ்டன் வியாபாரிகள் போட்ட ஒப்பந்தப்படி 1769 ஜனவரி 1 முதல் பிரிட்டனிலிருந்து எதுவும் வரக்கூடாது. விதிவிலக்கு: உப்பு, நிலக்கரி, தூண்டில் முள்ளும் நரம்பும், சணல், பாய்மரத் துணி, ஈயக் கட்டி, ஈயக்குண்டு, கம்பளி சிக்கெடுக்கும் சீப்பு. மீன்பிடித் தொழிலுக்கும் கப்பல் கட்டுவதற்கும் எது வேண்டுமோ அது வரலாம். பட்டும் கண்ணாடியும் வரக்கூடாது. மேலும், அந்த நேரத்தில் பலருடைய கிடங்கில் பழைய சரக்கு விற்காமல் கிடந்தது. ஓராண்டு புதுச்சரக்கு வராவிட்டால் அதை நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம். இதைச் சுயநலம் என்றும் சொல்லலாம், நடக்கக்கூடிய திட்டம் என்றும் சொல்லலாம்.

நியூயார்க் மிகக் கடுமையாகக் கடைப்பிடித்தது. 1769இல் அதன் பிரிட்டிஷ் இறக்குமதி முந்தைய ஆண்டின் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதனாலேயே முதலில் உடைந்ததும் நியூயார்க்தான். பழைய சரக்கு தீர்ந்தது. அடுத்த துறைமுகத்தான் ரகசியமாக இறக்குகிறான் என்ற சந்தேகம் வளர்ந்தது. 1770 ஏப்ரலில் தேயிலை தவிர மற்ற தீர்வைகளை லண்டன் ரத்து செய்ததும், ஜூலையில் நியூயார்க் விலகியது. அக்டோபரில் பாஸ்டனும் கைவிட்டது. தேயிலைத் தீர்வை, அதாவது கொள்கைப் பிரச்சினை, அப்படியே இருந்தது.

1774இல் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய பொதுப் பேரவையான ‘கண்ட காங்கிரஸ்’ (Continental Congress) இந்தப் பாடத்தைப் படித்திருந்தது. கண்காணிப்பை வியாபாரிகளிடமிருந்து எடுத்து ஒவ்வொரு ஊரிலும் வாக்காளர் தேர்ந்தெடுத்த குழுக்களிடம் கொடுத்தது. 1774 டிசம்பர் 1 முதல் 1775 பிப்ரவரி 1 வரை வந்திறங்கும் சரக்குக்கு மூன்று வழி: திருப்பி அனுப்பு, குழுவின் கிடங்கில் பூட்டு, அல்லது விற்று முதலை எடுத்துக்கொண்டு லாபத்தைப் பாஸ்டன் ஏழைகளுக்குக் கொடு. மீறினால் பெயர் செய்தித்தாளில் வரும், ஊர் விலக்கு.

ஆனால் ஏற்றுமதித் தடை மட்டும் உடனே வரவில்லை. 1775 செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனது. வர்ஜீனியாக்காரர்கள் கையிலிருந்த புகையிலையை விற்றாக வேண்டும். அப்போதும் ஐரோப்பாவுக்குப் போகும் அரிசிக்கு விலக்கு. அது இல்லையென்றால் வெளியேறுவோம் என்று தென் கரோலினா பிரதிநிதிகள் எழுந்துவிட்டார்கள். இந்தப் பேரங்கள் இல்லாமல் பன்னிரண்டு காலனிகளும் ஒரே தாளில் கையெழுத்திட்டிருக்காது என்பது என் கணிப்பு.

கேள்வி: வர்ஜீனியாவின் பெரிய பண்ணையார்கள் லண்டன் கடனிலிருந்து தப்பிக்கத்தான் சுதந்திரம் கேட்டார்களாமே? (வங்கி அலுவலர், சென்னை)

கடன் எப்படிச் சேர்ந்தது என்பதை முதலில் பார்ப்போம். பண்ணையார் புகையிலையை ஏறத்தாழ ஆயிரம் ராத்தல் பிடிக்கும் பெரும் பீப்பாய்களில் லண்டன் ஏஜெண்டுக்கு அனுப்புவார். விலை அவருடையதல்ல, லண்டனில் என்ன விற்றதோ அது. அதிலிருந்து கப்பல் கூலி, காப்பீடு, தீர்வை, கிடங்கு வாடகை, கமிஷன் கழியும். மிச்சத்துக்கு அதே ஏஜெண்ட் அவருடைய பட்டியல்படி நாற்காலி, துணி, வண்டி எல்லாம் வாங்கி அனுப்புவார். வாங்கியது விற்றதைத் தாண்டினால் கடன். ஆண்டு வட்டி 5 சதவீதம். புகையிலை விலை விழுந்த ஆண்டில் கடன் ஏறிக்கொண்டே போகும். ஜார்ஜ் வாஷிங்டன் இதே சுழலில் சிக்கி, 1760களின் நடுவில் புகையிலையை விட்டுக் கோதுமைக்கு மாறினார். 1772இல் பிரிட்டனில் வங்கிகள் கவிழ்ந்தபோது லண்டன், கிளாஸ்கோ வியாபாரிகள் அமெரிக்கக் கடனாளிகளை நெருக்கினார்கள். 1774இல் வர்ஜீனியாவின் நீதிமன்றங்கள் மூடியதும் கடன் வழக்குகள் நின்றுபோயின. சந்தேகம் வருவது இயல்பு.

1777இல் வர்ஜீனியா போட்ட சட்டம் சந்தேகத்தை உறுதியே செய்கிறது: பிரிட்டிஷ்காரருக்குத் தரவேண்டிய கடனை மாநிலக் கடன் அலுவலகத்தில் காகிதப் பணமாகக் கட்டினால் போதும், கடன் தீர்ந்தது. 2,70,000 பவுண்டுக்கு மேல் கட்டினார்கள். அந்தக் காகிதத்தின் உண்மை மதிப்பு சுமார் 12,000 பவுண்டு. சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த ஜெஃபர்சனும் கட்டியவர்களில் ஒருவர். பின்னர் அந்தச் சலுகையை நாடாமல் கடனை ஒப்புக்கொண்டார்.

இது புரட்சி தந்த வசதி. இதற்காகவே புரட்சி நடந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் போதவில்லை. லண்டனில் கடனே இல்லாத மாசசூசெட்ஸ் விவசாயிதான் முதலில் துப்பாக்கி எடுத்தார். கடன் தொலையவும் இல்லை. 1783 பாரிஸ் உடன்படிக்கையின் நான்காம் பிரிவு, கடன் வசூலுக்குச் சட்டத் தடை கூடாது என்றது. 1796இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியா சட்டத்தின் அந்தச் சலுகை செல்லாது என்றது. 1802இல் கடைசியாக அமெரிக்க அரசே 6,00,000 பவுண்டு தர ஒப்புக்கொண்டு கணக்கை முடித்தது.

பண்ணையார்களைப் பொறுத்தவரை கடனைவிட நிலத்தைப் பார்க்கச் சொல்வேன். அப்பலேச்சிய மலைக்கு மேற்கே குடியேறக்கூடாது என்று 1763 அரச அறிவிப்பு சொன்னது. இது செவ்விந்தியரைச் சமாதானப்படுத்தும் தற்காலிக ஏற்பாடு என்று எழுதி, தடையிருக்கும்போதே நல்ல நிலமாகப் பார்த்து வைக்கும்படி 1767இல் தன் நில அளவையாளரைக் கேட்டவர் வாஷிங்டன்.

கேள்வி: இந்தப் போருக்கும் கடலூருக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே? (வாசகர், பண்ருட்டி)

உண்டு. 1778இல் பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததும் போர் இங்கும் பரவியது. அந்த ஆண்டே ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். மறு ஆண்டு மாஹேயைப் பிடிக்க, மைசூரை ஆண்ட ஹைதர் அலி வெகுண்டு, அப்போது கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட நம் தமிழ்ப் பகுதிக்குள் 1780இல் இறங்கினார். காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை அழிந்தது. 1783 ஜூனில் கடலூர் முற்றுகையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டிருக்கையில்தான் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி வந்து சண்டை நின்றது. பென்சில்வேனியா தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலி என்றே பெயர் வைத்தது. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் அது ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது.

தேயிலைச் சட்டத்திலும் நம் பக்கத்துக் கதை இருக்கிறது. ஹைதருடன் நடந்த முதல் மைசூர்ப் போர், வங்காளத்தின் 1770 பஞ்சம், பங்குதாரர்கள் கேட்ட கொழுத்த லாபப் பங்கு எல்லாம் சேர்ந்து கம்பெனியைத் திவாலின் விளிம்புக்குக் கொண்டுபோயின. 1773இல் அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்து, தேங்கிய தேயிலைக்கும் வழி செய்தது.

கேள்வி: எல்லா மனிதரும் சமம் என்று எழுதியவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள். இதற்கு மேல் கொள்கை என்று பேச என்ன இருக்கிறது? (கல்லூரி மாணவி, மதுரை)

கோபம் சரியானது. 25 லட்சம் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை. 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், புரட்சிக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்றார். அதுவரை தயங்கிய பண்ணையார் பலரைப் புரட்சிப் பக்கம் தள்ளியது அந்த அறிவிப்புதான். டன்மோரும் கொள்கைவாதி அல்ல, தன் சொந்த அடிமைகளை அவர் விடுவிக்கவில்லை. சுதந்திரப் பிரகடனத்தின் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்திருந்த பத்தியைக் காங்கிரஸ் நீக்கியது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் எதிர்த்தன, அடிமைகளைக் கப்பலில் ஏற்றிவந்து சம்பாதித்த வடக்குக்காரர்களுக்கும் அது உறுத்தியது என்று ஜெஃபர்சனே குறித்திருக்கிறார்.

ஆனால் எழுதியவர் நினைத்த எல்லையோடு எழுத்து நிற்கவில்லை. மாசசூசெட்ஸில் எலிசபெத் ஃப்ரீமன் என்ற அடிமைப்பெண், மனிதர் எல்லோரும் பிறப்பால் சுதந்திரமானவர், சமமானவர் என்ற மாநில அரசியலமைப்பின் வரியை வைத்தே 1781இல் வழக்குப் போட்டு விடுதலை பெற்றார். 1780இல் பென்சில்வேனியா அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் செய்தது. அதிலும் சொத்துரிமைக்குத்தான் முதல் மரியாதை: ஏற்கெனவே அடிமையானவர் அடிமையே, இனிப் பிறக்கும் குழந்தைகளும் 28 வயதுவரை எஜமானருக்கு உழைக்க வேண்டும்.

கேள்வி: போரில் பணம் பண்ணியவர் யார்? சிப்பாய்க்கு என்ன கிடைத்தது? (முன்னாள் ராணுவ வீரர், வேலூர்)

சிப்பாய்க்குக் கிடைத்தது பத்திரம். சம்பள பாக்கிக்காக அரசு எழுதிக் கொடுத்த கடன் சீட்டு. ஊருக்குத் திரும்பினால் மாநில வரியை நாணயமாகக் கேட்டார்கள். மாசசூசெட்ஸில் அந்த வரி புரட்சிக்கு முன் கட்டியதைவிடப் பல மடங்கு. பத்திரத்தை வாங்க ஊக வணிகர் மட்டுமே இருந்தார்; முகமதிப்பில் பத்தில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு தருவார். வரி கட்ட முடியாதவரின் மாடும் நிலமும் ஜப்திக்குப் போயின. 1786 ஆகஸ்டில் நார்த்தாம்ப்டன் நீதிமன்றத்தை மறித்து, 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கைத் தாக்கியவர்களில் பலர் இந்தப் பழைய சிப்பாய்கள்.

1790இல் நிதியமைச்சர் ஹாமில்டன், பத்திரம் இன்று யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முகமதிப்பின்படி மாற்றித் தரலாம் என்றார். முதலில் வாங்கிய சிப்பாய்க்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று காங்கிரஸ் உறுப்பினர் மாடிசன் கொண்டுவந்த தீர்மானம் 36க்கு 13 என்று தோற்றது. செய்தி எட்டாத தெற்குக் கிராமங்களில் பத்திரங்களை மலிவாக அள்ள விரைவுக் கப்பல்களில் பணம் போனது. ஹாமில்டன் சொன்ன காரணம், கைமாறிய பத்திரத்தை மதிக்காத அரசுக்கு அடுத்த முறை யாரும் கடன் தரமாட்டார்கள் என்பது. வாதம் செல்லும், வேலூர் வாசகருக்கு அது ஆறுதலாக இருக்காது.

அரசியலமைப்பை எழுதியவர்களே பத்திரம் வைத்திருந்தார்கள், அதனால்தான் வலுவான மத்திய அரசு கேட்டார்கள் என்று 1913இல் வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பியர்ட் வாதிட்டார். 1958இல் இன்னொரு வரலாற்றாசிரியர் ஃபாரஸ்ட் மெக்டொனால்ட் ஆள் ஆளாகக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பத்திரம் நிறைய வைத்திருந்தவர்களிலேயே சிலர் எதிர்த்ததும், இல்லாதவர் பலர் ஆதரித்ததும் தெரிந்தது.

கேள்வி: பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரும் சொத்தையெல்லாம் இழந்து சித்திரவதைப்பட்டுச் செத்ததாக வாட்ஸ்அப்பில் வருகிறது. (வாசகர், சேலம்)

மிகை. கையெழுத்திட்டதற்காக எவரையும் சித்திரவதை செய்து கொன்றதற்குச் சான்று இல்லை. சிலர் உண்மையாகவே பாதிக்கப்பட்டார்கள். பிரான்சிஸ் லூயிஸின் வீட்டைப் பிரிட்டிஷ் படை நாசம் செய்து அவர் மனைவியைச் சிறைபிடித்தது. தென் கரோலினாவின் மூவர் 1780இல் சார்ல்ஸ்டன் வீழ்ந்தபோது கைதானார்கள். சொத்து பறிபோன கூட்டம் பெரும்பாலும் மறுபக்கம்: நாட்டை விட்டு வெளியேறிய மன்னர் விசுவாசிகள் சுமார் 60,000 பேர். அவர்களுக்கு பிரிட்டன் கொடுத்த இழப்பீடு ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு.

பட்டியலில் அடிக்கடி வரும் ராபர்ட் மாரிஸ் தனி ரகம். சுதந்திரத்துக்கு நேரம் வரவில்லை என்று 1776 ஜூலை 2 வாக்கெடுப்பில் ஒதுங்கிக்கொண்ட பிலடெல்பியா வியாபாரி, ஆகஸ்டில் கையெழுத்திட்டார். காங்கிரசுக்கு வெடிமருந்து வாங்கித் தந்து கமிஷனும் எடுத்தார், அரசின் கஜானா காலியானபோது தன் பெயரில் கடன் சீட்டு எழுதிப் படைக்குச் சோறும் போட்டார். 1798 முதல் 1801 வரை கடனாளிச் சிறையில் இருந்ததும் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் போர் அல்ல. 1790களில் கடன் வாங்கி வளைத்துப் போட்ட பல லட்சம் ஏக்கர் நிலம்.